புதுமாத விருந்துக்கு ஒருநாள் முந்தி

7.1.2008, திங்கள், வுப்பர்டால்

இன்று ஒரு பிழை விட்டேன். பெரிய பிழையல்ல. ஆனால் கவனமாகக் கணக்குப் பார்த்து விட்ட பிழை என்பதால் எழுதிவைக்கிறேன். ரிம்மா வீட்டு விருந்துக்கு ஒருநாள் முந்திப் போய்விட்டேன்.

ரிம்மா என்னோடு மாலை வகுப்பில் படிப்பவள். யூதப் பெண்; உக்ரைனிலிருந்து தாயோடு வந்தவள். போன வருடம் முழுவதும் வகுப்பு முடிந்ததும் தொங்கு ரயில் நிலையம்வரை சேர்ந்தே நடந்தோம். அவளுடைய ரயில் கிழக்கே போகும், என்னுடையது மேற்கே. அவளுடையது முதலில் வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நான் வேண்டிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. புதன்கிழமை அவள் லைப்சிக் நகரத்துக்கு ஒரேயடியாகப் போகிறாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு முன் அவளிடம் ஒன்று கேட்கவேண்டும்: உன்னைப் பார்க்க அங்கே வரலாமா?

எட்டாந்திகதி செவ்வாய்க்கிழமை எங்களுடைய புது மாதம், சாப்பிட வா என்று நத்தாருக்கு முன்பே சொல்லியிருந்தாள். யூதச் சட்டப்படி, மாதம் பிறக்கும் நாளில் அந்த விருந்து கட்டாயமில்லையாம், வைத்தால் நல்லதாம். நாளின் மரியாதைக்காக வழமையைவிட ஒரு வகைச் சாப்பாடு கூடுதலாக வைப்பார்களாம்.

யூதர்களுக்கு நாள் தொடங்குவது முதல்நாள் பொழுதுபட்டவுடன் என்று வகுப்பில் சமய பாடத்தில் படித்தோம். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி. ஆகவே செவ்வாய் விருந்து என்றால் திங்கள் மாலை. கிறிஸ்தவர்களான எங்களுக்கும் நத்தார்ப் பூசை முதல்நாள் இரவுதானே. நேரத்தை அவளிடமே கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாளோ என்று கேட்கவில்லை.

தமிழ்க்கடையில் முகர்ந்து பார்த்துத் தெரிந்தெடுத்த ஒரு மாம்பழத்தோடு, இருட்டியதும் போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்த ரிம்மாவின் கையில் பாதி தின்ற பாண் துண்டு. மேசையில் இரண்டு பேருக்கு சூப் மட்டும். அவள் ஜெர்மனில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"பென்ஜமின்! விருந்து நாளைக்கெல்லோ? பகல் சாப்பாடு!"

"நாள் தொடங்கிட்டுதுதானே?"

"நாள் தொடங்கிட்டுது. சாப்பாடு தொடங்கேல்லை." அவள் சிரித்தாள். "எங்கட ஆக்களிலையே இவ்வளவு கணக்குப் பாக்கிற ஆளை நான் காணேல்லை."

நாளைப் பகல் எனக்கு வேலை என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"வேலை எண்டால் என்ன செய்யிறது, தம்பி? கட்டாயமில்லைத்தானே" என்றார் தாய், சூப்பை எனக்கும் ஊற்றியபடி.

கட்டாயமில்லை. அந்தச் சொல்லோடு சூப்பைக் குடித்தேன். தாய் பக்கத்தில் இருந்தார். எதையும் கேட்க முடியவில்லை. புறப்படக் கோட்டைப் போட்டபோது, பல நாளாக ஆடிக்கொண்டிருந்த பொத்தான் அறுந்து உருண்டது. ரிம்மா குனிந்து எடுத்தாள்.

"கழட்டு, தைச்சு..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். புது மாத நாளில் அவர்களுடைய பெண்கள் தைப்பதில்லை. அது பெண்களின் ஓய்வு. நாள்தான் தொடங்கிவிட்டதே.

"நாளைக்குப் பொழுதுபட்டாப் பிறகுதான் தைக்கலாம். அதுவரைக்கும் இது என்னட்டை இருக்கட்டும்." பொத்தானைத் தன் சட்டைப் பைக்குள் போட்டாள். "நாளைக்குக் கூட வைக்கிற சாப்பாடு உன்ரை மாம்பழம்தான். நீ வராட்டில் வெட்டமாட்டன்."

நிலையத்தில் நின்று, மேற்கே போகும் ரயில் ஒன்றை வேண்டுமென்றே விட்டேன். பொத்தானை வைத்துக்கொண்டது வெறும் ஒழுங்குக்காகவும் இருக்கலாம். அவள் எதையும் தவறவிடாத பெண். ஆனால் பகல் சாப்பாட்டுக்கு வருபவனைப் பொழுதுபடும்வரை இருக்கச் சொல்ல வேறு என்ன காரணம்? குளிரில் கோட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றேன். வகுப்பு முடிந்து அவள் ஏறும் கிழக்கு ரயில் இனி அவளை ஏற்றிப் போகாது.

வீட்டுக்கு வந்ததும் இராயப்பு அண்ணைக்குப் போன் எடுத்தேன். முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவர். நாளை அவருக்கு லீவு.

"அண்ணை, நாளைக்கு என்ரை முறையை நீங்கள் செய்வியளோ?"

"ஏன், உடம்புக்கு வருத்தமோ?"

"ஒரு விருந்து."

"செவ்வாய்க்கிழமையிலை ஆரின்ரை கலியாணம்?"

எல்லாவற்றையும் சொன்னேன், முந்திப் போனதையும். அவர் சிரித்து முடிய நேரமெடுத்தது.

"பந்திக்கு முந்து எண்டது உண்மைதான். அதுக்காக ஒருநாளோடா? சரி, நான் போறன். ஞாயிறு என்ரை முறையை நீ செய். ஆனால் கேள், பொத்தானைத் தைப்பிச்சுக்கொண்டு சும்மா வந்திடாதை."

"ஓம், அண்ணை."

நாளை பன்னிரண்டு மணிக்கு ரிம்மா வீட்டுக்குப் போகவேண்டும். இதே கோட்டைப் போடவேண்டும். பொழுதுபடும்வரை இருந்து, அவள் பொத்தான் தைக்கும்போது, லைப்சிக்குக்கு வரலாமா என்று கேட்கவேண்டும்.