இழுகயிறும் இடதுகைக் கையுறையும்

இன்னும் ஒரே ஒரு தடவை கயிறு கட்டி இழுத்து வந்தார்கள் என்றால், அய்லாவின் மஞ்சள் பனிவண்டி அவளுடையது இல்லை, வெர்னுடையது. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போன வருஷம் அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அய்லா, வெர்ன், டெனீஸ், ரூடி நான்கு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இப்போது எல்லோருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ஆனால் பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை வந்துவிட்டால் யாரும் வயசுக்குத் தகுந்தபடி நடந்துகொள்வதில்லை. அன்றைக்கு உறைந்து கிடக்கும் லூன் ஏரியைக் குறுக்கே கடந்து பதினெட்டு மைல் பனிவண்டி ஓட்டிக்கொண்டு போய், அக்கரையில் டெனீஸின் அக்கா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி தின்ன வேண்டும். 1975க்குப் பிறகு செய்த வண்டிக்கு இடமில்லை. எவருடைய வண்டி வழியில் படுத்து, இன்னொரு வண்டியால் இழுபட்டுப் போய்ச் சேருகிறதோ, அவர் அந்த இழுகயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறைச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கவிட வேண்டும். கயிற்றில் அந்த வருஷத்துக்கு ஒரு தகரத்துண்டும் கோர்த்துவிடுவார்கள்.

ஆறு வருஷமாக அந்தக் கயிறு அய்லாவின் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற தபால்காரர் முதற்கொண்டு அதைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரிப்பார்.

போன வருஷம் வெர்ன் பாஸ்டியை மென்றுகொண்டே ஆரம்பித்தான். "ஏன் அய்லா, உன்னோடதும் என்னோடதும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம், அதே எஞ்சின். உன்னோடதைப் பிரிச்சு எடுத்தா என்னோடது இன்னும் இருபது வருஷம் ஓடும். உனக்கும் அடுப்பு மேல வேற ஏதாவது அழகா மாட்டலாம்."

அய்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அடுத்த வருஷமும் இழுத்துட்டு வந்தா நீயே எடுத்துக்கோடா, போ!" என்றாள். மூன்று பேரும் மேஜையைத் தட்டினார்கள். மேஜையைத் தட்டிவிட்டால் முடிந்தது, அப்புறம் மாற்றுப் பேச்சு கிடையாது.

அந்த வண்டி அவள் பத்தொன்பதாவது வயதில், மரத்தொழிற்சாலைக் கேண்டீனில் ஒரு கோடை முழுக்கப் பாத்திரம் தேய்த்த காசில் வாங்கியது. ஒரு பண்ணையில் கோழிகள் அதன்மேல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கோழிகளை விரட்டிவிட்டு வாங்கி வந்தாள். அதனால் அதற்குக் கோழிக்கூண்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு கல்யாணம் வந்தது, போனது. வேலைகள் மாறின. இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். எது போனாலும் கோழிக்கூண்டு மட்டும் அவளோடு இருந்தது. அதைப் போய் ஸ்பானர் போட்டுப் பிரிப்பதா?

அதனால் இந்தத் தடவை எதையும் விட்டுவைக்கவில்லை. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். பெட்ரோல் குழாய்களைப் புதிதாக மாற்றினாள். பெட்ரோலில் எண்ணெயை அளந்து அளந்து கலந்தாள். இலையுதிர்காலத்தில் வண்டியை வெர்னின் கொட்டகையில்தான் நிறுத்தியிருந்தாள். ஊரில் கணப்பு வைத்த கொட்டகை அவனிடம்தான் இருக்கிறது. பகைவன் வீட்டிலேயே பிள்ளையை வளர்த்த மாதிரிதான், என்ன செய்ய?

சனிக்கிழமை காலை மைனஸ் பதினெட்டு. வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தது. ஏரிக்கரையில் நான்கு வண்டிகளும், பனியோடு ஒட்டி உறைந்துவிடாமலிருக்க, மரக்கட்டைகள்மேல் வரிசையாக நின்றன.

"ஏய் வெர்ன், என்னடா இது கோலம்?" என்று டெனீஸ் கத்தினாள். வெர்னின் வலது கையில் தோல் கையுறை, இடது கையில் பச்சைக் கம்பளிக் கையுறை.

"இடது கையுறை நவம்பர்லருந்து காணோம். நாய்தான் எங்கயோ கொண்டுபோய்ப் புதைச்சிருக்கு."

"பாவம்டா அந்த நாய். உன் வீட்ல எது காணாமப் போனாலும் அது தலையிலதான் விடியுது" என்றான் ரூடி. ரூடி கதவளவு அகலம், அரை டன் சிரிப்பு.

டெனீஸ் தன் கருவிப்பெட்டியைத் திறந்தாள். ஸ்பார்க் பிளக் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டியை அடைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கையுறை. "ரூடி! என் பிளக்கை எடுத்தியா?"

"எடுத்தேன். அதான் கையுறை வச்சிருக்கேன்ல? பிடி உன் பிளக்கை."

இது இவர்களுக்குள் வழக்கம். அவசரத்துக்கு நண்பன் வண்டியிலிருந்து ஒரு சாமானை எடுக்கலாம், கேட்கக்கூட வேண்டாம். ஆனால் எடுத்த இடத்தில் தன் கையுறை ஒன்றை வைத்துவிட வேண்டும். கையுறைக்காரன்தான் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் குளிரில் ஒற்றைக் கையுறையோடு எவனும் ரொம்ப நாள் தள்ள மாட்டான், சாமான் தானாகத் திரும்பி வந்துவிடும்.

அய்லா கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்தாள். இருக்கைக்குப் பின்னாலிருந்த சின்னப் பெட்டியில் உபரி பெல்ட் ஒன்றை மாவுச்சாக்குத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். எஞ்சின் சுழற்சியை, சக்கரத்துக்குப் பதிலாக வண்டியடியில் சுழலும் அடிப்பட்டைக்குக் கடத்துவது அந்த பெல்ட்தான். அது அறுந்தால் எஞ்சின் சும்மா உறுமும், வண்டி நகராது. பெட்டிக்குள் கையை விட்டுத் துணியை ஒரு அமுக்கு அமுக்கினாள். மெத்தென்று இருந்தது. சரி என்று மூடினாள்.

"ஸ்டார்ட்!" என்றான் வெர்ன். நான்கு பேரும் ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ரூடியுடையது இரண்டாவது இழுப்பில் பிடித்தது. வெர்னுடையது முதல் இழுப்பிலேயே பிடித்தது, அவன் பண்ணிய அலட்டலைப் பார்க்க வேண்டுமே! அய்லா நான்கு தடவை இழுத்தாள், ஐந்து தடவை இழுத்தாள்.

"வேணும்னா இப்பவே கயிறைக் கட்டிடலாமா?" என்றான் வெர்ன்.

"வாயை மூடுடா." ஆறாவது இழுப்பில் கோழிக்கூண்டு இருமியது, புகை கக்கியது, அப்புறம் விடாமல் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. எண்ணெய் கலந்த பெட்ரோல் புகை மூக்கில் ஏறியதும் அய்லாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த வாசனைக்கு ஈடாக எந்த அத்தரும் கிடையாது, அவளைக் கேட்டால் சொல்லுவாள்.

ஏரிக்குள் இறங்கினார்கள். அடடா, அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்ல! கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. முந்தைய நாள் விழுந்த பனி மாவு போலக் கிடந்தது. வண்டி மூக்கை நீட்டினால் இரண்டு பக்கமும் அது தெறித்து முகத்தில் அறைந்தது. புதுவண்டிகள் மாதிரி இவற்றில் சொகுசு கிடையாது. ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில் வந்து ஆஜர் சொல்லும். அய்லா எழுந்து நின்றுகொண்டே ஓட்டினாள். டெனீஸ் பக்கவாட்டில் வந்து "யே... ஹேய்!" என்று கத்த, அவளும் பதிலுக்குத் தொண்டை கிழியக் கத்தினாள். உறைந்த ஏரிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து கையசைத்தார்கள்.

எட்டாவது மைலில் வெர்னைப் பிடித்தாள். பத்தாவது மைலில் அவனைத் தாண்டினாள். தாண்டும்போது திரும்பிப் பார்த்து நாக்கை நீட்டினாள். நாக்கு உறைந்துபோகாத குறைதான்.

பதினான்காவது மைலில், ஏரியிலிருந்த ஒரு தீவைத் தாண்டின உடனே, பட்டென்று ஒரு சத்தம். எஞ்சின் ஓலமிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது.

மற்ற மூவரும் திரும்பி வந்தார்கள். அய்லா பானெட்டைத் திறந்தாள். பெல்ட் நார்நாராகக் கிழிந்து கிடந்தது.

"அச்சச்சோ" என்றாள் டெனீஸ்.

வெர்னின் பார்வை அய்லாவின் வண்டியை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தது. சந்தையில் மாடு பார்க்கிறவன் பார்வை அது.

"அங்க என்ன பாக்குற? உபரி இருக்கு, அஞ்சே நிமிஷம்!" அய்லா பின்பெட்டியைத் திறந்து சாக்குத்துணியை உருவி உதறினாள்.

பனிமேல் விழுந்தது பெல்ட் இல்லை. பழுப்புத் தோலில் ஒரு கையுறை. இடது கை.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் வெர்னின் பச்சைக் கம்பளிக் கையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், ரூடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நாய்! நாய் கொண்டுபோய்ப் புதைச்சிருச்சாம்!"

"டேய் வெர்ன்!" என்றாள் அய்லா. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "என் பெல்ட் எங்கடா?"

வெர்ன் திருட்டு முழி முழித்தான். "நவம்பர்ல முதல் பனி விழுந்ததும் வயல்ல ஒரு சுத்து ஓட்டிப் பாத்தேன். என்னோடது அறுந்துருச்சு. உன் வண்டி கொட்டகையில பக்கத்துலயே நின்னுச்சா... வேற ஒண்ணு வரவழைச்சு வச்சிடலாம்னு எடுத்தேன். சத்தியமா மறந்துட்டேன் அய்லா. கையுறை வச்சது கூட மறந்துபோச்சு."

"சரி, இப்போ அது எங்க?"

வெர்ன் தன் வண்டியைக் காட்டினான். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய பெல்ட்டில்தான் இத்தனை தூரமும் வந்திருக்கிறான்.

"அப்போ உன் உபரி?"

"அதுதான் உபரியே."

டெனீஸின் வண்டியும் ரூடியின் வண்டியும் வேறு கம்பெனி, அவற்றின் பெல்ட் இதற்குப் பொருந்தாது. பதினான்கு மைல் முடிந்தது, இன்னும் நான்கு மைல், இரண்டு வண்டிக்கு ஒரே பெல்ட்.

வெர்ன் தொண்டையைக் கனைத்தான். "சட்டம்னு பாத்தா, வண்டி நின்னுச்சுன்னா நின்னதுதான். காரணம் எதுவா இருந்தாலும்..."

"பேசு, பேசு" என்றாள் டெனீஸ். "அக்கா கடையில எல்லார் முன்னாலயும் இதையே சொல்லு. நான் பக்கத்துலயே நின்னு கேக்கறேன்."

அய்லா கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவன் ஒருவேளை முரண்டு பிடித்திருப்பான். குனிந்து கையுறையை எடுத்தாள், பனியைத் தட்டினாள், அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது உன்னோடதுதானே?"

வெர்ன் அதைப் பார்த்தான். கோழிக்கூண்டைப் பார்த்தான். இருபது வருஷமாக அந்த வண்டிமேல் அவனுக்கு ஒரு கண் என்பது அய்லாவுக்குத் தெரியும். இப்போது அவன் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் போதும், வண்டி அவனுடையது. அவன் அதைச் செய்யக்கூடியவன் இல்லை என்று அவள் சத்தியம் செய்திருக்க மாட்டாள்.

"என்னோடதுதான்" என்றான் வெர்ன். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். மண்டியிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினான். அவள் கையில் வைத்தபோது அது இன்னும் சூடாக இருந்தது.

"தாங்க்ஸ்டா" என்றாள் அய்லா.

"போடி. முதல்ல மாட்டு, குளிருது."

ரூடி இழுகயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். "வெர்னை நான் இழுக்கறேன்."

"வேண்டாம்" என்றாள் அய்லா. "நான் இழுக்கறேன்."

"உன் கோழிக்கூண்டா?" வெர்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வழியில படுத்துச்சுன்னா உன்னையும் சேத்துல்ல இழுக்கணும். அப்போ பந்தயம் போச்சு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஏறு."

தேவையில்லாத வீம்புதான். ஆனால் ஆறு வருஷம் பின்னாலேயே போனவளுக்கு அது தேவையாக இருந்தது. கயிறு இறுகியது. கோழிக்கூண்டு முனகியது, ஆட்டம் போட்டது, நகர்ந்தது! மாடு நடக்கிற வேகம். முதல் மைலில் அய்லா மூச்சுவிட்டாளா என்பதே சந்தேகம். இரண்டாவது மைலில் எஞ்சின் சூடேறி வேறு மாதிரி சத்தம் போட்டது. மூன்றாவதில் அவள் வண்டியோடு பேச ஆரம்பித்துவிட்டாள்: "போயிடலாம்டி, என் தங்கமில்ல, இதோ கரை தெரியுது பார்."

கரை தெரிந்தது. கூடவே படகு இறக்கும் சரிவும் தெரிந்தது. ஐம்பது அடிதான், ஆனால் செங்குத்தாக ஏறும். கடைவாசலில் ஆட்கள் கோப்பையும் கையுமாகக் கூடிவிட்டார்கள். அய்லா முழுசாக அழுத்தினாள். பாதி ஏறியது. அடிப்பட்டை வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் திணறியது. ஐயோ, அவ்வளவுதானா?

பின்னால் ஒரே கத்தல். திரும்பினாள். வெர்ன் தன் வண்டியிலிருந்து குதித்து, தோளைக் கொடுத்து அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். "விடாதடி! அழுத்து! அழுத்துன்னா!" தோற்கப் போகிறவன் அவன், ஊரிலேயே உரக்கக் கத்தியவனும் அவன். கோழிக்கூண்டு ஒரு உதறு உதறிப் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டது.

கடைவாசலே ஆர்ப்பரித்தது. அய்லா சிரித்தாள், அழுதாள், பானெட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அது சுட்டது, பரவாயில்லை.

உள்ளே பாஸ்டி வந்தது. தொட்டுக்கொள்ளக் கெட்சப்பா குழம்பா என்று வழக்கமான சண்டை நடந்தது. டெனீஸ் கயிற்றில் ஏழாவது தகரத்தைக் கோர்த்து, வெர்ன் கழுத்தில் மாலையாகப் போட்டாள். அவன் அசடு வழிய எழுந்து நின்று எல்லோருக்கும் வணக்கம் வைத்தான்.

"சாமான் வந்துருச்சு, அப்போ கையுறை?" என்று கையை நீட்டினான். அய்லா கொடுத்தாள். மாட்டி, விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டான்.

வெயில் சாய்வதற்குள் திரும்பிப் போக வேண்டுமே. வெளியே வந்ததும்தான் வெர்னுக்கு உறைத்தது. பெல்ட் இல்லாத வண்டி, பதினெட்டு மைல்.

"ரூடி..." என்று இழுத்தான்.

அய்லா அவன் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றித் தன் வண்டியின் கொக்கியில் மாட்டினாள். அப்புறம் தன் இடதுகைக் கையுறையை உருவி அவன் நெஞ்சுப் பையில் செருகினாள்.

"இது எதுக்கு?"

"கயிறு இப்போ உன்னோடதுல்ல? வீடு வரைக்கும் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கோழிக்கூண்டின் ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.