மத்தியானத் தண்ணீர்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில், வீட்டின் தகரக் கூரைமேல் ரங்கூன் மல்லிக் கொடி அடர்ந்து படர்ந்திருந்தவரை, கீழே கட்டிலில் கிடந்த சிவலிங்கத்தால் பகலிலும் மூச்சுவிட முடிந்தது. சுரங்கத்தில் கல்தூசி தின்ற நுரையீரல் அவருக்கு. வெக்கை ஏறினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

மகள் வெண்ணிலா காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகுமுன் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். இந்த ஏப்ரலில் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுப் பக்கமிருந்து அனல் வீசத் தொடங்கியதும், உச்சி வேளையில் இலைகள் சுருண்டு தொங்கின. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. சிவலிங்கம் சுவரைப் பிடித்து எழுந்துபோய் சொம்பு சொம்பாக ஊற்றினார். சாயங்காலம் இலைகள் நிமிர்ந்தன. வெயில் தணிந்தால் அவை தாமாகவே நிமிரும் என்று அவருக்குத் தெரியாது. மறுநாளும் ஊற்றினார். பிறகு தினமும்.

மே மாதம் இலைகள் பழுத்துக் கொட்டின.

"இன்னா மாமா, உங்க வாசல்ல மட்டும் மழை பேஞ்சா மாதிரி கீது? நாத்து நடப் போறீங்களா?" என்றான் பக்கத்து வீட்டுக் கிளமெண்ட்.

அதைக் கேட்ட வெண்ணிலா ஞாயிற்றுக்கிழமை கொடியின் தூரில் கையை விட்டுப் பார்த்தாள். ஒரே சேறு. வேர் கறுத்து நாறியது. தொட்டதும் தோல் கழன்று வந்தது.

"யாருப்பா இவ்ளோ தண்ணி ஊத்துனது?"

"நான்தாம்மா. மத்தியானத்துல மயங்கி வுழுது. சுரங்கத்துல டீப் லெவல்ல சூட்டுல எவனாச்சும் வுழுந்தா தலையில தண்ணி ஊத்துவோம். எழுந்து ஷிஃப்ட முடிச்சிட்டுத்தான் மேல வருவான்."

"அது இன்னா ஆளாப்பா? வேரு அழுவிப்போச்சு."

"சாயங்காலம் எழுந்துக்குதே."

"இனிமே எழுந்துக்காது."

அவர் கூரையைப் பார்த்தார். இலை போன இடத்தில் தகரம் பளபளத்தது. புதுக் கொடி வைத்தாலும் அது கூரையை மூட வருஷங்கள் ஆகும்.

மறுநாள் கிளம்பும்போது கட்டிலருகே ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் வைத்தாள்.

"இது உனக்குப்பா. துண்ட நனைச்சு மார்ல போட்டுக்கோ. கொடிக்கு வேணாம், இன்னா?"

"சரிம்மா."

வேலை முடிந்து திரும்பியபோது துண்டு மடிப்புக் கலையாமல் உலர்ந்து கிடந்தது. வாளி காலி. வாசலில் கொடியின் தூர் மண் கறுத்து ஈரமாக இருந்தது. சிவலிங்கம் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு வாயால் மூச்சு இழுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு அது எழுந்துக்க லேட்டாவுதும்மா," என்றார்.