வேட்டி மடிப்பில் மணல்

புருஷன் செவ்வாய்க்கிழமை கிரிவலத்துக்குக் கட்டிய வேட்டியைத் துவைக்கும் முன் கஸ்தூரி உதறினாள். இந்த வாரமும் மணல் கொட்டியது. வெள்ளை வெளேரென்ற ஆற்று மணல். மலை சுற்றும் பாதை முழுக்கச் செம்மண். நடக்கிறவருக்குக் காலில் மண் ஒட்டும், இடுப்பு மடிப்பில் எப்படி ஏறும்? எங்கேயோ உட்காருகிறார். உட்காரட்டும். யாரோடு என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

சக்கரபாணியைச் சந்தேகப்பட்டால் தெரு அவளைத்தான் காறித் துப்பும். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்கு. மார்கழி பஜனையில் ஜால்ரா தட்டி முன்னால் போகிறவர். "சினிமா பாக்குற பொம்பள குடும்பத்துக்கு ஆவ மாட்டா" என்று சொல்லி, கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு கொட்டகை வாசலையும் மிதிக்க விடாதவர். வீட்டில் சிரிக்கவும் மாட்டார். பக்கத்து வீட்டு சரசுதான் ஒருநாள், "உங்க வூட்டுக்காரரு கிரிவலத்துக்குப் பவுடர்லாம் போட்டுக்குனு போறாரே, அண்ணாமலையாரு பாக்கவா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய் சாயங்காலம் அவர் விபூதி பூசிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு அவள் பின்னாலேயே போனாள். தெருமுனையில் அவர் வடக்கே திரும்பினார். மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்பது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இவரோ மலையை இடப்பக்கம் விட்டுவிட்டு வேங்கிக்கால் ரோட்டில் விறுவிறுவென்று போகிறார். தனியாக வீடே பார்த்து வைத்திருக்கிறார் போல. அந்த ஒருத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கீழ்பென்னாத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிடுவதென்று முடிவு செய்தாள்.

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நுழைந்தது ஒரு டென்ட் கொட்டகை. வாசல் போஸ்டரில் நனைந்த புடவையில் ஒருத்தி, கழுத்தில் பாம்பு, மூலையில் பெரிதாக 'ஏ'. கஸ்தூரி பெண்கள் பக்கம் டிக்கெட் வாங்கி, ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்தாள். அதே வெள்ளை மணல். அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஒருத்தியை இங்கேதான் வரச் சொல்லியிருப்பாரோ என்று அங்கிருந்த ஒவ்வொருத்தியையும் உற்றுப் பார்த்தாள்.

ஜமீன்தார் அருவியில் தள்ளிக் கொன்ற பெண், பாம்பாக வந்து அவனுடைய அடியாட்களைப் பழிவாங்கும் படம். ஒவ்வொருத்தனைக் கொல்லும் முன்னும் அருவியில் ஒரு குளியல். ரப்பர் பாம்பை இழுக்கிற கயிறு நன்றாகவே தெரிந்தது. திரையில் பாம்புப் பெண் வாய் திறப்பதற்குள் ஆண்கள் பக்கமே வசனத்தைக் கத்தியது. "வந்துட்டேன்டா! வெஷம் வெச்சிருக்கேன்டா!" அதில் ஒன்று அவருடைய பஜனைக் குரல். அதைத் தொடர்ந்து வயிறு குலுங்கும் சிரிப்பு.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். ஆனால் அவளைச் சுட்டது அது இல்லை. இந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் எங்கே இருந்தது? அவர் பக்கத்தில் ஒரு பெண் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அழுதாள். இரண்டாவது அடியாள் சாகும்போது அழுகை நின்றது. மூன்றாவது ஆளுக்கு, "போடு அவன!" என்று கத்திவிட்டு வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

பங்களாவில் ஜமீன்தார் தனியாக இருந்தான். விளக்கு அணைந்தது. ஜன்னலில் பாம்பு. அப்போதுதான் அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று உறைத்தது. மனசில்லாமல் எழுந்து ஓடினாள்.

அவர் வந்து, கால் கழுவி, இலை முன் உட்கார்ந்தார்.

"கூட்டமாங்க?"

"கம்மிதான்."

ரசம் ஊற்றக் குனிந்தபோது அவள் கொசுவத்திலிருந்து வெள்ளை மணல் பொலபொலவென்று இலை ஓரம் உதிர்ந்தது. அவர் மணலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண் சுருங்கியது.

"எங்கடி போயிருந்த?"

கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் வேறு ஒன்று வந்தது.

"அந்த ஜமீன்தாரு செத்தானா?"

சக்கரபாணியின் முகம் வெளுத்தது. தெருக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ரசம் சொட்டும் கை மெல்ல மேலே எழும்பியது. ஐந்து விரலும் ஒன்றுசேர்ந்து பாம்பு படமெடுத்ததுபோல வளைந்து, அவள் முகத்துக்கு நேராக நின்று ஆடியது.