மேற்குப் பார்த்த கடைசிக் குழி

அந்த வருடம் மழை ஓய்ந்ததும் செம்பூர் கோல்ஃப் மைதானத்தின் பதினெட்டாம் குழியைத் திருப்பிப் போட்டார்கள். வடக்குப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தவர்கள் இனி மேற்கே, கிளப் வராந்தாவைப் பார்த்து அடிக்க வேண்டும்.

"கடைசிக் குழி என்றால், வராந்தாவில் இருப்பவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கணும்!" என்றார் கமிட்டியின் கப்பாடியா சாப்.

பதினாறு வருடமாக அவருடைய மட்டைப் பையைத் தூக்கும் வெயிலுமுத்து, தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தான். "ஆட்டம் முடியறது சாயங்காலம், சாப். சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும். முன்னால ஆள் நிக்கறது தெரியாது."

"உனக்குக் கண் போச்சா?"

வெயிலுமுத்து பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பார்வை மங்கிவிட்டது என்று போன வாரம்தான் கூடப் பை தூக்கிய இன்னாசிமுத்துவின் சீட்டைக் கிழித்து வேலையை விட்டு அனுப்பியிருந்தான், பை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியான நாணு.

சனிக்கிழமை ஆகேவாலா முறை பூலோகத்துக்கு. வெயிலுமுத்துவின் பெண்டாட்டி பேராச்சிக்குத் தம்பி. பந்து விழும் இடத்தை முன்னே போய் நின்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. பந்து புல்லில் மறைந்தால் வெள்ளைத் துண்டை வீசுவான். அவன் தேடி எடுக்கும்வரை அடுத்தவர் அடிக்கக் கூடாது.

"அத்தான், நேத்து துண்டை வீசு வீசுன்னு வீசுதேன், எங்கவே பாத்துக்கிட்டு நின்னீரு?"

"ஒன்னயத்தாம்ல. மரம் ஆடுதுன்னுல்லா நெனச்சேன்!"

பூலோகம் சிரித்துக்கொண்டே ஓடினான்.

சாயங்காலம் கடைசிக் குழியில், முதல் ஆட்டக்காரரின் பந்து குளத்தோரப் புல்லுக்குள் போயிற்று. அடுத்து கப்பாடியா சாப். மட்டையை ஓங்கிக்கொண்டு, முன்னால் யாரும் இல்லையே என்று கேட்டார்: "ஆகே சாஃப் ஹை?"

வெயிலுமுத்து நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான். வராந்தாக் கூரைக்கு மேலே சூரியன் கொதித்தது. துண்டும் இல்லை, ஆளும் இல்லை. எல்லாம் ஒரே கண்கூச்சம். தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் நாணு நின்றான்.

"சாஃப் ஹை, சாப்."

மட்டை சுழன்றது. பந்து புல்லில் விழும் சத்தம் கேட்கவில்லை. வேறு சத்தம் கேட்டது. வராந்தாவில் அத்தனை பேரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில், பூலோகத்தின் இடது கண் போனது போனதுதான் என்றார்கள். மறுநாள் நாணு ஒரு காகிதத்தோடு வந்தான். "ஆகேவாலா துண்டு வீசலைன்னு எழுதியிருக்கு. கைநாட்டு வை. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

கட்டிலில் கட்டுக்குள்ளிருந்து பூலோகம் முனகினான். "ரெண்டு கையாலயும் வீசுனேன் அத்தான். ஒமக்குத் தெரிஞ்சுதா, இல்லியா?"

பேராச்சி புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியல மாப்ள. தெரியலன்னு சொன்னா வேல போயிரும்னு பொய் சொல்லிட்டேன்."

நாணு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். "நாளையிலிருந்து வராதே."

அவன் போன பிறகு, வெயிலுமுத்து மச்சினனின் கையைப் பிடிக்கப் போனான். பேராச்சி புருஷன் கையைத் தட்டிவிட்டாள்.