ஆறு கிலோ விளக்கு

மாத்தளையில் வெளிநாடு போகிறவரிடம் சாமான் வாங்கிவரச் சொல்லிவிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நேரே கேட்கக் கூடாது, அது மரியாதையில்லை. ஒரு பிஸ்கட் பக்கெட்டோடு வர வேண்டும். வைத்தியத்துக்குப் போகிறார்களென்றால் நோயாளியை விசாரிக்க வேண்டும். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். எழுந்து, செருப்பை மாட்டி, வாசல் கேற்றடி வரை போய், அங்கே திடீரென்று ஞாபகம் வர வேண்டும்.

நல்லையா தன் மனைவி கமலாட்சியை இருதய சத்திரசிகிச்சைக்குச் சென்னைக்குக் கூட்டிப்போக இருந்த வாரத்தில், அந்தக் கேற்றடியில் பதினொரு பேருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரனான எனக்கும் வந்தது. முழங்கால் தைலம், ஒரேயொரு போத்தல். சின்னது.

கோயில் சபைத் தலைவர் ராமநாதன் மட்டும் பிஸ்கட் கொண்டுவரவில்லை. பதவியில் இருப்பவர்கள் ஆசீர்வாதம்தான் கொண்டுவருவார்கள்.

"சனங்களுக்கு இங்கிதமே இல்ல பாருங்க நல்லையா. சீக்காளியோட போற மனுசன்கிட்ட போய் சாமான் கேக்குறாங்க" என்று பத்து நிமிடம் வருந்தினார். பிறகு கேற்றடிக்குப் போனார்.

"கோயிலுக்கு ஒரு குத்துவிளக்கு. பித்தளையில. ஆறு கிலோதான் வரும். இது சாமி காரியம், சாமான்ல சேராது."

கமலாட்சி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள். "இல்லன்னு சொன்னா என்ன நினைப்பாங்க?" என்றாள். அவள் தனக்கென்று கேட்டது ஒன்றுதான். "ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போறப்ப நீங்க பக்கத்துல இருக்கணுங்க. அது போதும்."

சென்னை ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சை பிற்பகல் மூன்று மணிக்கு என்றார்கள். கொப்பியில் விளக்கு ஒன்றுதான் மீதி. "இப்பவே வாங்கிட்டு வந்துருங்க, பொறவு அலைய ஏலாது" என்று கமலாட்சியே அவரை அனுப்பினாள். அவளுக்கு முன்னால் இருந்தவருக்குக் காய்ச்சல் கண்டதால், பதினொரு மணிக்கே அவள் முறை வந்துவிட்டது. போன் வந்தபோது கடையில் விளக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்று வந்தது. தியேட்டர் கதவு மூடியிருந்தது.

"அவர் வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுட்டே போனாங்க சார்" என்றாள் தாதி.

கமலாட்சி பிறகு கண் திறக்கவில்லை.

தகனம் அங்கேயே முடிந்தது. இருவராகத் திரும்பினால் அறுபது கிலோ கொண்டுவரலாம். தனியாகத் திரும்பினால் முப்பது. விமான நிலையத்தில் நல்லையா பெட்டியைத் திறந்து, கமலாட்சியின் சேலைகளையும் கம்பளிச் சட்டையையும் எடுத்து வெளியே வைத்தார். அவை மட்டும்தான் சொந்தச் சாமான்கள். மற்றதெல்லாம் மற்றவர்களுடையவை அல்லவா? சாம்பல் கலசத்தைக் கையில் கொண்டுவந்தார்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு எல்லோரும் போயிருந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எங்களுக்கு இங்கிதம் உண்டு. சாப்பிட்டோம், கை கழுவினோம், கேற்றடிக்குப் போனோம். அங்கே நல்லையா ஒரு மேசை போட்டு, பெயரெழுதிய பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தார். என் தைலம் உடையாமல் வந்திருந்தது.

ராமநாதன் வாழ்வின் நிலையாமையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு மேசையைப் பார்த்தார்.

"அந்த... கோயில் விளக்கு?"

"உள்ள இருக்குங்க ஐயா."

கமலாட்சியின் படத்துக்கு முன்னால் ஐந்து திரிகளும் எரிந்துகொண்டிருந்தன.

"என்னங்க நல்லையா! சாவு வீட்டுல ஏத்திட்டீங்களே! தீட்டாச்சே, இனி எப்படி கோயிலுக்குள்ள கொண்டு போறது?"

"வந்த அன்னிக்கே ஏத்திட்டேங்க. அவ என்னைத் தேடுன நேரத்துல நான் இதுகூடத்தான் நின்னேன். இனி இது அவகூட நிக்கட்டும்."

ராமநாதன் மெதுவாக வெளியே வந்து செருப்பை மாட்டினார். கேற்றடியில், எதிர்வீட்டு ஜுனைதா தன் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஜுனைதா, ஒங்க வீட்டுக்காரரும் வைத்தியத்துக்குச் சென்னைக்குப் போறாராமே?" என்றார் மிகுந்த பரிவோடு. "இப்ப எப்படிம்மா இருக்காரு?"