அந்தோணி சொன்ன படமும் ஆம்பூர் பார்த்த படமும்

ஆம்பூர்க் கொட்டகையில் ஓடியது ஊமைப் படம். படம்தான் ஊமை, அந்தோணி ஊமையில்லை. திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்று, ராஜா வாயசைத்தால் ராஜாவாகவும் குதிரை தலையாட்டினால் குதிரையாகவும் முழங்குவான். வசனம் எழுத்தாக வரும் இடமெல்லாம் அறுந்துபோன பழைய படம் அது. அதனால் கதையில் அந்தோணி வைத்ததுதான் சட்டம்.

வம்பும் அங்கேதான் வந்தது. படத்தில் முகமூடிக்காரன் ஒருவன் கொடுங்கோல் மந்திரியைச் சாட்டையால் விளாசுவான். மூன்று வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்த அந்தோணி, அந்த மந்திரியை ஷாப் மேஸ்திரியாக்கிவிட்டான். "கூலியக் கம்மி பண்ணது நீதானே?" சுளீர்! "ஏழு மாசக்காரிய ஈரத்தோல் சுமக்க வச்சது நீதானே?" சுளீர்! பத்தே நாளில், ஆம்பூரில் எந்த மேஸ்திரி நடந்தாலும் முதுகுக்குப் பின்னால் யாராவது வாயாலேயே 'சுளீர்' விட்டார்கள். மேஸ்திரிகள் கூடிப் போலீசுக்குப் பிராது எழுதினார்கள்: படம் ராஜத்துரோகம்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு" என்றார் கொட்டகை முதலாளி முனீர் அகமது. "படம் ஜனங்களுக்கு இன்னா சொல்லுதுன்னு பாக்கப் போறாராம். தப்புன்னு எழுதிட்டா கொட்டகைக்குப் பூட்டு. நீ மறுபடி குழிக்குத்தான் போவணும். பேஜார் பண்ணாம கதைய மாத்திச் சொல்லு."

குழியை நினைத்தாலே அந்தோணிக்குக் கால் எரியும்.

மறுநாள் சாயங்காலம் இருந்த ஒரே நாற்காலியில் இன்ஸ்பெக்டர். மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. அந்தோணி தொண்டையைச் செருமினான்.

"மகா ஜனங்களே! இதோ குதிரையில் வருபவர் நம் போலீஸ் துரை!"

"மூஞ்சில துணி கட்டிக்கினு இருக்காரே?" என்றது மணலிலிருந்து ஒரு குரல்.

"ரோட்டில் தூசி ஜாஸ்தி!"

கொட்டகை குலுங்கியது. முகமூடிக்காரன் சிறைக்கதவை உடைத்துக் கைதிகளைத் திறந்துவிட்டான். "சக்கரவர்த்திக்குப் பிறந்தநாள்! எல்லாருக்கும் விடுதலை!" என்று அலறினான் அந்தோணி. இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். தப்பித்தோம் என்று அந்தோணிக்கு உற்சாகம் தலைக்கேறியது.

சாட்டை வந்தது.

"கள்ளச்சாராயம் காய்ச்சியது நீதானே?" சுளீர்!

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். அந்தோணியின் பெண்சாதி சவுரியம்மாள்தான். ஏழாம் மாசத்தில் ஈரத்தோல் சுமந்து வழுக்கி விழுந்தவள். அன்று எப்படியோ பிழைத்த பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

"இன்னாய்யா சாராயம்? ஏழு மாசக்காரிய ஈரத்தோல் சுமக்க வச்சது நீதானேன்னு கேளு!"

அடுத்த அடிக்கு இருநூறு தொண்டைகள் சேர்ந்து கேட்டன. அதற்கடுத்த அடிக்குக் கூலிக் கேள்வி. அந்தோணியின் வசனம், ஒரு சொல் பிசகவில்லை. "சாராயம், மகா ஜனங்களே, சாராயம்!" என்று அந்தோணி தொண்டை கிழியக் கத்தினான். இன்ஸ்பெக்டரோடு வந்த போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதினார். அதுவும் படத்தோடு சேர்ந்ததென்று ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது.

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரும் சொல்லலீங்க. பாத்தாலே தெரியுதே" என்றாள் சவுரியம்மாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். வேர்வையில் குளித்து, வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்த அந்தோணியைப் பார்த்தார். பிறகு எழுதினார்: படத்தில் குற்றமில்லை. கதை சொல்பவன் பரம ராஜவிசுவாசி. ஜனங்களின் பார்வைதான் கோணல், அதைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை.

முனீர் அகமது அந்தோணியைக் கட்டிக்கொண்டார். "பூட்டும் இல்ல, குழியும் இல்ல! ஆனா நாளைக்கு யாரு கதை சொல்றது? உனக்குத்தான் தொண்டையே இல்லியே!"

அந்தோணி பெண்சாதியைப் பார்த்தான். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. கையை நீட்டி அவளைக் காட்டினான்.

மறுநாள் முக்காலிமேல் சவுரியம்மாள் ஏறினாள். திரையில் மந்திரி வந்ததும் நேராக விரலை நீட்டினாள்.

"இவன் மந்திரி இல்ல. ஈரத்தோல் கட்ட என் தலையில ஏத்தினவன். இப்ப அடி வாங்கப் போறான், நல்லா பாத்துக்குங்க!"

அந்தோணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தான். குரல் வரவில்லை. கை மட்டும் விடாமல் தட்டியது.