தட்டில் போட்டது

அந்த வீட்டில் இரண்டு வருஷமாகப் பச்சை முட்டைக்கோஸுக்குத்தான் ராஜ மரியாதை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அண்ணன், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய அதை நறுக்கி வைத்துக்கொண்டு, அசை போடும் மாடு மாதிரி மென்று தீர்ப்பார். அண்ணி எவ்வளவு முகம் சுளித்தாலும் சரி, மனுஷன் அசைய மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வந்திருந்தாள். புற்றுநோய் ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக டெக்னீஷியன். பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, காய்கறிகளிலிருந்து பிரித்தெடுத்த சத்துகளை அவற்றின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன என்று எண்ணுவது அவள் வேலை. அப்பாவை ஐம்பத்திரண்டு வயதில் கொண்டுபோனதும் அதே நோய்தான். அதனால் அந்தச் செல்கள் சாகும்போது அவளுக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"என்னண்ணே, இன்னும் இதை விடலையா?"

"விடுறதா? நீ கொடுத்த மருந்தாச்சே!"

"நானா?"

"அடிப்பாவி, மறந்துட்டியா? இதே இடத்துல உக்காந்துதான சொன்ன? 'கோஸ்ல இருக்கிற சத்தைத் தட்டுல போட்டோம்ணே, ஒண்ணு மிச்சமில்லாம செத்துப்போச்சு'ன்னு. அன்னைக்குப் பிடிச்சவன், இன்னைக்கு வரைக்கும் தட்டுல போட்டுட்டுதான் இருக்கேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

தட்டு. ஆய்வகத்தில் அது உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. செல்கள் அதில்தான் வளரும், அதில்தான் சாகும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வார்த்தையையே சொல்லிச் சொல்லி, அதற்கு இன்னொரு அர்த்தம் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. அண்ணனுக்கோ உலகத்தில் ஒரே தட்டுதான், சோறு போடுகிற தட்டு.

"அண்ணே, நாப்பது வயசானதும் குடல்ல கேமரா விட்டுப் பாக்கணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரே, பாத்தீங்களா?"

"எதுக்கு? அதான் இதைத் தின்னுட்டிருக்கேனே."

அவ்வளவு நிதானமாகச் சொன்னார். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசமா ரத்தம் போகுது. மூலம்னு சொல்லி என் வாயை அடைச்சுட்டார்."

"அய்யோ, அண்ணே!" தங்கைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அது வேற தட்டு! அதுல நாங்க விடுற அளவுக்கு நீங்க கோஸ் தின்னணும்னா ஒரு லாரி பத்தாது. தட்டுல சாகுறதெல்லாம் உடம்புலயும் சாகும்னு யார் சொன்னா? காய்கறி நல்லதுதான், தின்னுங்க, யார் வேண்டாங்கிறா? லிஃப்டுக்கு தினமும் எண்ணெய் போடுறோம்னு, கம்பிக் கயிறு இத்துப்போயிருக்கான்னு பாக்காம விட்டுடுவீங்களா?"

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"விடமாட்டேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை கேமரா விட்டுப் பார்த்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுக் கட்டிதான், குடல் சுவரைத் துளைத்திருந்தது. அறுவை சிகிச்சை செய்த பிறகுதான் மற்றதைச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். "ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா பட்டாணி அளவு முளையாத்தான் இருந்திருக்கும். அதே கேமராக் குழாயால கிள்ளி எடுத்திருக்கலாம்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

வெளியே பெஞ்சில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"ரெண்டு வருஷம் தின்னேனே, அது கொஞ்சமாச்சும் தடுத்து வெச்சிருக்குமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அவள் எது சொன்னாலும் நம்புகிறவர்தானே, பாவி மனுஷன்!

"தெரியலண்ணே. யாராலயும் சொல்ல முடியாது."

"இதையும் அன்னைக்கே சேத்துச் சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டார்.

"உனக்கு நாப்பத்தி மூணு ஆகுதில்ல?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"ம்."

"அவர் உனக்கும்தான அப்பா. நீ பாத்துட்டியா?"

பதினோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான தட்டுகளைக் குனிந்து பார்த்தவள் அவள். தன் வயிற்றை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நல்லா இருக்கு கதை! எந்திரி. போய்ப் பேரைக் கொடு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அவள் எழுந்து போனாள். பதிவு செய்யும் பெண் பேரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"வீட்ல யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கா?"

"அப்பாவுக்கு."

"வேற யாருக்காவது?"

முதுகுக்குப் பின்னால் அண்ணன் இருமும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"அண்ணனுக்கு," என்றாள்.